டெஸ்டிங் நைனா மகளைக் கல்லூரிக்கு அனுப்பிய கதை

உலகத்தில் முன்னறிவிப்பு இல்லாமல் நடக்கிற காரியம் தும்மல் ஒன்றுதான், அதையும் முதல் நாளே ஒரு தடவை தும்மிப் பார்த்துவிடுவது நல்லது என்று நம்புகிற ஒரு மனிதரின் வீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். ஊர் செஞ்சி. மனிதரின் பெயர் டெஸ்டிங் நைனா. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் பக்கத்து வீட்டுக்காரரே உதட்டைப் பிதுக்குவார்.

தொழில் மைக்செட். திருவண்ணாமலை ரோட்டில் மகள் பெயரில் 'கயல் சவுண்ட் சர்வீஸ்' என்று கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் காணாமல் போனவர்களைக் கூப்பிடுகிற குழாய் ஸ்பீக்கர், எதுவானாலும் முதல் நாள் சாயங்காலமே கட்டி முடித்துவிட்டு "ஹலோ... செக்... செக்..." என்று ஆரம்பித்துவிடுவார். ஊருக்குள் வேலை என்றால் அந்தக் குரல் வீடுகளுக்கு மேலே மிதந்து போய் ராஜகிரி மலையில் முட்டும். மலை அதை வாங்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, மெதுவாகத் திருப்பிச் சொல்லும். நான் மொட்டை மாடியில் பாய் விரித்து அரைத் தூக்கத்தில் கிடப்பேன். அவர் மலையிடம் ஏதோ கேட்கிறார், மலையும் மறுக்காமல் பதில் சொல்கிறது, நடுவில் நாம் எதற்கு என்று தோன்றும். அந்த நேரத்தில் எனக்கு ஆபீஸ், பதவி உயர்வு, பல்வலி எதுவுமே நிஜமாகத் தெரியாது.

கல்யாணத்துக்கே ஒத்திகை பார்த்தவர் அவர். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மண்டபத்துத் தூணுக்கு மஞ்சள் கயிறு கட்டி, மூன்று முடிச்சும் போட்டு, விரல் ஒத்துழைக்கிறதா என்று பார்த்திருக்கிறார். அவர் மனைவி மல்லிகாக்கா கோபம் வரும்போதெல்லாம் இதைச் சொல்லிக் காட்டுவார்.

"தூணு வாயத் தொறக்காம நின்னுச்சு. அதே நெனப்புல என்னையும் கட்டிக்கினாரு. அங்கதான் சார் டெஸ்டிங்கு தப்பாயிடுச்சு."

தொழிலில் அவருக்கு இரண்டு சட்டங்கள். முதல் சட்டம், காலி மண்டபத்தை நம்பக்கூடாது. "காலி மண்டபம் பொய் சொல்லும் சார். நாம ஒண்ணு பேசினா அது ரெண்டா பேசும். ஆளுங்க வந்து உக்காந்தா போதும், ஒடம்பு, துணிமணி எல்லாம் சேந்து சத்தத்தக் குடிச்சிடும். எதிரொலி தானா அடங்கிடும்" என்பார். அதனால் டெஸ்டிங் என்றால் போகிற வருகிறவர்களை எல்லாம் பிடித்து உட்கார வைப்பார். ஒரு முறை ஆள் கிடைக்காமல் என்னையும் ஒரு கட்டு ஜமுக்காளத்தையும் நாற்காலிகளில் உட்கார வைத்து டெஸ்ட் பண்ணினார். முடிவில், என்னைவிட ஜமுக்காளம் நன்றாகச் சத்தம் குடிக்கிறது என்று சொல்லிவிட்டார். எனக்கு வருத்தம்தான்.

இரண்டாவது சட்டம் இன்னும் கடுமையானது. டெஸ்டிங்கில் தேறவில்லை என்றால் ப்ரோக்ராம் கிடையாது. ஒரு கட்சிக் கூட்டத்துக்குக் கட்டிய ஆம்ப்ளிஃபையர் முதல் நாள் லேசாக முனகியது. அவ்வளவுதான், மொத்தத்தையும் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் பேச்சாளர் வெறுந்தொண்டையில் கத்திப் பார்த்துவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்குப் போனார். கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் வழியில் கடைக்கு வந்து இவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், கயல். அதிகம் பேசாத பெண். பள்ளிக்கூடம் விட்டால் கடைக்கு வந்து ஒயர் சுற்றித் தருவாள், மைக்கைத் துடைத்து வைப்பாள். பிறந்ததிலிருந்து ஒரு ராத்திரிகூட அப்பா அம்மா இல்லாமல் படுத்ததில்லை. எங்கள் ஊரைச் சுற்றிலும் பாறைகள் உருண்டை உருண்டையாக ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். இங்கே பிறந்தவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். கயல் மட்டும் இதையெல்லாம் யார் அடுக்கியது என்று கேட்டுக்கொண்டே வளர்ந்தாள். ராட்சசன் அடுக்கினான் என்றார்கள், ராஜா அடுக்கினார் என்றார்கள், போய்ப் படிக்கிற வேலையைப் பார் என்றார்கள். அவள் கடைசி பதிலை எடுத்துக்கொண்டாள். ப்ளஸ் டூ முடித்ததும் சேலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஜியாலஜிக்கு இடம் வாங்கிவிட்டாள்.

"கல்லப் பத்திப் படிக்க சேலம் போவணுமா? இங்க இல்லாத கல்லா?" என்றார் டீக்கடைக்காரர்.

டெஸ்டிங் நைனா தெரு முழுக்க லட்டு கொடுத்தார். மறுநாள் காலையில் மாடி ஏறி வந்தார்.

"சார், நீங்க ஹாஸ்டல்ல இருந்து படிச்சவருதான?"

"ஆமாம்ணா."

"அப்ப நீங்கதான் வார்டன். காலேஜு தொறக்க இன்னும் நாளு இருக்குது. அதுக்குள்ள எல்லாத்தையும் வீட்டுலயே டெஸ்டிங் போட்டுப் பாத்துடலாம். தேறலன்னா..."

துவைத்த துணி வாளியோடு படியில் நின்றிருந்த கயல் என்னைப் பார்த்தாள். அவளுக்கு இரண்டாவது சட்டம் என்னைவிட நன்றாகத் தெரியும். அப்பா வைக்கிற டெஸ்டில் ஒன்று சொதப்பினாலும் சேலம் கைவிட்டுப் போய்விடும்.

ஹாஸ்டல் என்றால் மணி அடிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கோயில் மணிச் சத்தத்தைப் பதிவு செய்து, ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கயலின் கட்டிலுக்கு மேலே கட்டினார். மறுநாள் விடியற்காலையில் தெருவே எழுந்துகொண்டது. எதிர்வீட்டு ஆடுகள் எழுந்தன. இரண்டு பேர் ஏதோ விசேஷ பூஜை என்று அவசரமாகக் குளித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். எழுந்திருக்காதவள் கயல் ஒருத்திதான். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தூளி கட்டி வளர்ந்த பெண்ணுக்கு அது தாலாட்டு.

"போன்ல அலாரம் வச்சி எழுந்துக்குவேன் நைனா. ஹாஸ்டல்ல எல்லாரும் அப்பிடித்தான்" என்றாள், நிதானமாகப் பல் துலக்கிக்கொண்டே.

"வார்டன் இன்னா சொல்றாரு?"

வார்டன் தூக்கக் கலக்கத்தில் அவள் சொல்வதுதான் சரி என்று சொன்னார்.

அடுத்தது சாப்பாடு. ஹாஸ்டல் சாம்பாருக்கு இப்போதே நாக்கைப் பழக்க வேண்டும், ஆகவே ஒரு வாரத்துக்குச் சமையல் மோசமாக இருக்க வேண்டும் என்று மல்லிகாக்காவிடம் சொன்னார். மல்லிகாக்கா கரண்டியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, "என் கையால முடியாது. உங்களுக்குத்தான் அந்தத் தெறம இருக்குது" என்றார். டெஸ்டிங் நைனாவே சமைத்தார், வார்டனான எனக்கும் ஒரு தட்டு வைத்தார். நானும் பல ஹாஸ்டல்கள் பார்த்தவன். அப்படி ஒரு சாம்பாரைச் சமைக்கிற தைரியம் எந்த ஹாஸ்டலுக்கும் வந்ததில்லை. கயல் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். அன்று மதியம் கூட்டுரோடு ஓட்டலுக்குப் போனபோது ஒரு மூலையில் டெஸ்டிங் நைனா தலையைக் குனிந்துகொண்டு பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் அதற்குத்தான் போயிருந்தேன் என்பதால் இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை.

ரூம்மேட் டெஸ்டுதான் உச்சம். தனியாகவே வளர்ந்த பெண், இன்னொருத்தரோடு அறையைப் பகிர்ந்துகொள்ளத் தெரிய வேண்டும் அல்லவா. கடையில் இருந்ததிலேயே பெரிய ஸ்பீக்கர் பெட்டியான பேஸ் பாக்ஸைக் கொண்டுவந்து அவள் அறையில் பாதியை அடைத்துவிட்டார்.

"இன்னா நைனா இது?"

"ரூம்மேட்டு. பாதி எடத்த எடுத்துக்கும். எப்ப உறுமும்னு தெரியாது. அனுசரிச்சிப் போவணும்."

கயல் அனுசரித்தாள். அதன்மேல் துண்டு காயப் போட்டாள், சீப்பு வைத்தாள், பொட்டுகூட ஒட்டினாள். காலையில் அதனிடம் "நா குளிச்சிட்டு வரேன்டி, ரூமப் பூட்டிடாத" என்று சொல்லிவிட்டுப் போவாளாம். மல்லிகாக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இந்த ஒரு டெஸ்டில் மட்டும் டெஸ்டிங் நைனா முழு மனதோடு பாஸ் போட்டார்.

அப்புறம் வந்தது வல்லம். டெஸ்டிங் நைனாவின் தங்கை அங்கே வாக்கப்பட்டிருக்கிறார். செஞ்சியிலிருந்து டவுன் பஸ் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் வல்லம் வந்துவிடும். ஆனாலும் வேறு வீடு, வேறு கட்டில். கயல் அங்கே ஒரு வாரம் இருக்க வேண்டும், போன் பேசக்கூடாது, அழாமல் தேறினால் சேலம் உறுதி என்று உத்தரவு. இதை மகளின் கடைசி டெஸ்ட் என்றே அறிவித்தார்.

கயல் பையோடு பஸ் ஏறினாள். முதல் நாள் டெஸ்டிங் நைனா கடையில் எந்த சுவிட்சைப் போட வேண்டுமோ அதை விட்டு வேறு சுவிட்சை எல்லாம் போட்டார். இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு குழாயையும் பேட்டரியையும் மொபெட்டில் கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணா?"

"வல்லத்துல ஒரு பங்ஷனு சார்."

"என்ன பங்ஷன்?"

"அதப் போயித்தான் கேக்கணும்."

அன்றைக்கு வல்லத்தில் நடந்ததைக் கயலின் அத்தை பிறகு வந்து சொன்னார். வெயில் தாழ்கிற நேரம். இங்கே மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலைக் கொல்லைகளில் பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். காற்று நின்று, எல்லாம் மஞ்சளாக, ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது. திடீரென்று வேப்ப மரத்தின் உச்சியிலிருந்து "ஹலோ... செக்... செக்..." என்று ஒரு குரல் வந்தது. பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அதே குரல், கொல்லை கொல்லையாகக் கடந்து, ஏரிக்கரை வரைக்கும் மெதுவாகப் போயிற்று.

"ஹலோ... கயலு... சாப்டியா..."

களை எடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெண்ணுக்கு ஊரில் இல்லாத தன் அப்பா ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டதாம். அத்தைக்கு மானம் போய்விட்டது. அந்த நேரத்தில் கயல், அத்தை மகளோடு உட்கார்ந்து தாயம் ஆடி ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே மகளை மொபெட்டில் பின்னால் உட்காரவைத்து, பேட்டரியை முன்னால் வைத்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"டெஸ்டிங்கு தேறல சார். சேலம் வேணாம். இங்கயே பக்கத்துல எங்கனா பாத்துக்கலாம்."

கேலி செய்ய வாயைத் திறந்த நான் மூடிக்கொண்டேன். அவர் முகம் கேலிக்கு இடம் கொடுக்கிற மாதிரி இல்லை. கயல் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மல்லிகாக்கா அன்றிலிருந்து புருஷனோடு பேசுவதை நிறுத்தினார். சமையல் மட்டும் அவரே செய்தார். அந்த வீட்டில் சாம்பார் இவ்வளவு நன்றாகவும் சாப்பாட்டு நேரம் இவ்வளவு மோசமாகவும் இருந்து நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கயல் அப்பாவையும் என்னையும் கிருஷ்ணகிரிக் கோட்டைக்குக் கூப்பிட்டாள். ராஜகிரிக்கு எதிரே இருக்கிற சின்ன மலை. சின்ன மலை என்று சொன்னதை நம்பி ஏறிய நான் பாதியிலேயே பேச்சை நிறுத்திவிட்டேன். உச்சியில் நாலு பக்கமும் திறந்த மண்டபம். காற்று சட்டைக்குள் புகுந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. கீழே ஏரி, வயல், எறும்பு மாதிரி திருவண்ணாமலை பஸ். சுற்றிலும் பாறைகள் வெயிலில் தூங்கிக்கொண்டிருந்தன. எனக்கும் தூக்கம் வந்தது. இந்தக் காற்றில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் எங்கும் போக வேண்டாம் என்றுதான் தோன்றியது, ஆனால் அதைச் சொல்கிற நேரம் அது இல்லை.

"நைனா, இந்தக் கல்ல யாரும் அடுக்கல" என்றாள் கயல். "மொதல்ல உள்ள எல்லாம் ஒரே கல்லாதான் இருந்துச்சாம். மேல இருந்த மண்ணு போனப்புறம் காத்தும் மழையும் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சி உட்டுது. இவ்ளோதான் எனக்குத் தெரியும். மிச்சத்தத் தெரிஞ்சிக்கணும்."

டெஸ்டிங் நைனா பாறைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிரிஞ்சாலும் அங்கயேதான நிக்குது" என்றார்.

"செலது உருண்டும் போயிருக்குது. கீழ பாருங்க."

அவர் கீழே பார்க்கவில்லை.

"நைனா, வல்லத்துல யாரு தேறல? நானா?"

அவர் மொபெட் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மைக்கு நல்லாத்தான் வேல செய்யிது. ஆம்ப்ளிஃபையருதான் சூடாயிடுச்சு. அதுக்கு நீங்க ஆம்ப்ளிஃபையரப் பாப்பீங்களா, மைக்க வீட்டுக்குத் தூக்கிக்கினு வருவீங்களா?"

தொழில் மொழியில் கேட்டதும் மனிதர் நிமிர்ந்தார். அந்த மொழியில் அவருக்குப் பொய் சொல்ல வராது. "ஆம்ப்ளிஃபையரத்தான் பாக்கணும்" என்றார், சின்னக் குரலில்.

"அப்ப டெஸ்டு உங்களுக்குத்தான். சேர்ற அன்னிக்கி நீங்க வரலாம். ஆனா எதையும் தொடக்கூடாது, யாருகிட்டயும் எதும் கேக்கக்கூடாது, ஒக்காந்த எடத்துல ஒக்காந்திருக்கணும். நீங்க ஃபெயிலானா நானே பையத் தூக்கிக்கினு உங்க கூட வந்துடறேன். சார்தான் சாட்சி."

சாட்சி மூச்சு வாங்கிக்கொண்டே தலையாட்டினார்.

அன்றைக்குப் பிறகு வீட்டில் நடந்ததுதான் உண்மையான தயாரிப்பு. மல்லிகாக்கா மறுபடியும் பேச ஆரம்பித்து, ஒரே ஒரு விதி போட்டார்: "அவளே செய்யட்டும். கேட்டா சொல்லலாம்." கயலே பாங்கில் கணக்கு திறந்தாள். காய்ச்சல் வந்தபோது அவளே டாக்டரிடம் போய் என்ன செய்கிறது என்று சொல்லி மாத்திரை வாங்கிவந்தாள். திருவண்ணாமலைக்குத் தனியாகப் போய், சேலம் பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்துவிட்டு வந்தாள். டெஸ்டிங் நைனா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மூன்று கடை இடைவெளியில் பின்னாலேயே போய், மறைந்து நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் தெரியாதவர் போல "கயலு எங்க சார்?" என்று கேட்டார். அதைக்கூட மெதுவாக விட்டுவிட்டார். அவள் ரசம் வைத்துக் கொதி தாண்டிவிட்டபோது அவருடைய வாய் மூன்று தடவை திறந்து மூன்று தடவை மூடியதை நானே பார்த்தேன். கொதி தாண்டிய ரசத்தைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த முறை அவளாகவே அடுப்பைக் குறைத்தாள்.

சேர்கிற நாள் வந்தது. வார்டன் என்ற முறையில் என்னையும் அழைத்துப் போனார்கள். திருவண்ணாமலையில் பஸ் மாறினோம். கயல்தான் டிக்கெட் வாங்கினாள், கண்டக்டரிடம் பேசினாள். மல்லிகாக்கா ஜன்னல் ஓரத்தில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனார். டெஸ்டிங் நைனா வழி நெடுகிலும் மலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். இங்கேயிருந்து "ஹலோ" சொன்னால் எந்த மலை திருப்பிச் சொல்லும் என்று கணக்குப் போடுகிற முகம் அது.

கல்லூரியின் பெரிய ஹாலில் பெற்றோர் கூட்டம். முன்வரிசைகளில் பிள்ளைகள், பின்னால் நாங்கள். முதல்வர் அம்மா மேடையேறி மைக்கைப் பிடித்தார். "அன்பான பெற்றோர்களே" என்றார். மைக் "கீஈஈ" என்றது.

பக்கத்தில் டெஸ்டிங் நைனாவின் உடம்பு ஷாக் அடித்த மாதிரி நிமிர்ந்தது.

"உங்கள் பிள்ளைகளை எங்களை நம்பி..." கீஈஈ. "நீங்கள் கவலைப்பட..." கீஈஈ.

ஹாலில் இருந்த எல்லாரும் காதைப் பொத்தினார்கள். இவர் மட்டும் நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் வியர்வை வழிந்தது.

"ஸ்பீக்கரு மைக்கப் பாத்துக்கினு நிக்குது சார்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "லேசா திருப்பினாப் போதும். அரை நிமிசம் வேல."

"பேசாதீங்கண்ணா."

"காது போவுது சார் புள்ளைங்களுக்கு."

"டெஸ்டிங் நடக்குதுண்ணா. நான் சாட்சி."

மேடையில் ஓர் ஊழியர் ஒயர்களைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், மைக்கை ஊதிப் பார்த்தார், மைக்கின் தலையில் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் டெஸ்டிங் நைனா தன் தலையில் வாங்கிய மாதிரி கண்ணை மூடினார். கடைசியில் அந்த ஊழியர் எங்களைப் பார்த்துக் கேட்டேவிட்டார்.

"பேரண்ட்ஸ்ல யாருக்காவது இந்த மைக்செட் பத்தித் தெரியுமா?"

நான் டெஸ்டிங் நைனாவின் பக்கம் திரும்பினேன். எழுந்தால் மைக்கும் சரியாகும், மகளும் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவர் ஆசைப்பட்ட இரண்டுமே எழுந்து நின்றால் கிடைத்துவிடும். முன்வரிசையில் கயல் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் கெஞ்சல் இல்லை, பயமும் இல்லை, அப்பா என்ன செய்யப்போகிறார் என்று பார்க்கிற முகம் மட்டும் இருந்தது. மல்லிகாக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

டெஸ்டிங் நைனா அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது, கை நாற்காலியை விடவில்லை.

யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு நிமிடம் போயிருக்கும். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து மேடைக்குப் போனாள். எங்கள் கயல். யாரிடமும் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை. ஸ்பீக்கர் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து மக்கள் பக்கம் திருப்பினாள், அதற்குப் பின்னால் வருகிற மாதிரி மைக்கைத் தள்ளி வைத்தாள், பெட்டியில் ஏதோ ஒரு திருகைக் குறைத்தாள். மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஹலோ... செக்... செக்..."

சுத்தமான குரல். ஹாலின் கடைசி வரிசை வரைக்கும் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். டெஸ்டிங் நைனா தட்டவில்லை. நாற்காலியை விட்டால் எழுந்துவிடுவோம் என்ற பயம்.

"எதிரொலியே இல்ல பாத்தீங்களா சார்" என்று மட்டும் சொன்னார்.

மணி, சாம்பார், பேஸ் பாக்ஸ் என்று அவர் ஏற்பாடு செய்த எந்த டெஸ்டிலும் இது இல்லை. கடையில் ஒயர் சுற்றிக்கொண்டே அவள் இதைப் பார்த்து வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். ஹாஸ்டல் வாசலில் கயல் வந்து அப்பாவின் கையைப் பிடித்து, "பாஸ் நைனா" என்றாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் மூன்று பேரும் பஸ் ஏறினோம். மல்லிகாக்காவுக்குப் பக்கத்தில் ஒரு சீட் காலியாக வந்தது.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் பேப்பர் இரவல் வாங்கக் கீழே போனேன். ஹாலுக்குள் நுழையவே முடியவில்லை. சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, கயலின் பள்ளிக்கூட யூனிஃபார்ம், பழைய சுடிதார், துப்பட்டா, போர்வை எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன. வெளியே நல்ல வெயில்.

"என்னண்ணா, வெளியில வெயில் இப்படி அடிக்குது, வீட்டுக்குள்ள துணி காயப் போட்டிருக்கீங்க?"

"காஞ்ச துணிதான் சார்" என்றார் துப்பட்டாவுக்குப் பின்னாலிருந்து.

"வீடு எதிரொலிக்குதாம்" என்றார் மல்லிகாக்கா சமையலறையிலிருந்து. அவர் குரலில் கேலி இல்லை.

"நீங்களே கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டு டெஸ்டிங் நைனா நடு ஹாலில் நின்று, சின்னக் குரலில், "கயலு" என்றார். காது கொடுத்துக் கேட்டார். "இப்பக் கொஞ்சம் பரவால்ல. நேத்து ரெண்டு தடவ வந்துச்சு. ஆனா முழுசா அடங்கல."

யூனிஃபார்மை ஒதுக்கிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஆளு உக்காந்தா இன்னும் அடங்கும்னு நீங்கதானே சொல்வீங்க?"

அவர் மறுபடியும் "கயலு" என்று சொல்லிப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

அன்றிலிருந்து மொட்டை மாடியில் என் பாய் சுருட்டியே கிடக்கிறது. மலை இப்போது யாரிடம் பேசுகிறதோ தெரியாது. சாயங்காலமானால் பேப்பரைச் சாக்கு வைத்துக் கீழே போய், கயலின் துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்கிறேன். மல்லிகாக்கா டீ கொடுப்பார். டெஸ்டிங் நைனா எங்கேயாவது ஒரு மூலையில் நின்று ஒரே ஒரு தடவை, யாருக்கும் கேட்காத மாதிரி, "ஹலோ... செக்..." என்பார்.

"இன்னிக்கி நல்லா இருக்குது சார்" என்றார் நேற்று. "ஜமுக்காளத்த விட நீங்களே நல்லா சத்தம் குடிக்கிறீங்க."

பேப்பரைப் படித்து முடித்து வெகு நேரம் ஆகியிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.